பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் எழுதும் மடல்

சர்வதேசக் கடல்சார் அமைப்பில், கப்பல் பணியாளரின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கையைத் திருத்திக்கொண்டிருக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

ஒரு கப்பலில் நான் சீஃப் எஞ்சினியராக இருந்தேன். பயிற்சி எஞ்சினியர் ஒருவன் மறுநாள் விடியற்காலையில் இறங்க வேண்டும். முந்தின இரவு பதினோரு மணிக்குத் தன் பயிற்சிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் கேபினுக்கு வந்தான். பாதிக்கு மேல் கையெழுத்து விழாத பக்கங்கள். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதமும் வேலை வேலை என்று ஓடியதில் பதிவேட்டை எடுத்து வைத்து உட்கார அவனுக்கும் நேரமில்லை, எனக்கும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் அத்தனை பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் 'பியூரிஃபையரைத் தனியாகப் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டினார்' என்று ஒரு வரி. பியூரிஃபையர் என்பது எண்ணெயைச் சுழற்றி நீரையும் அழுக்கையும் பிரிக்கும் இயந்திரம். உண்மையில் அந்த வேலையை எஞ்சின் அறை ஊழியரான மோட்டார்மேன் செய்தார். பையன் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். பாவம், நடுவில் இரண்டு தடவை அவனை வேறு வேலைக்கு அனுப்பியதும் நான்தான்.

இதைச் செய்த சீஃப் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

1978-இல் உருவான உடன்படிக்கை இது. 1995-இல் ஒரு பெரிய திருத்தம், 2010-இல் மணிலாவில் இன்னொன்று. இப்போது மறுபடியும் தலை முதல் கால் வரை பார்க்கிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் வெளியே காதில் விழும் பேச்சில் சிமுலேட்டர், இணையவழிப் பாடம், மின்னணுச் சான்றிதழ் என்ற சொற்கள்தான் அதிகம். எஞ்சின் அறையில் வேலை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி அங்கே நிற்பவன் ஒருவன் எழுதினால் உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது.

நான் ஃபோர்த் எஞ்சினியராக இருந்தபோது எனக்கு ஒரு செகண்ட் எஞ்சினியர் வாய்த்தார். (எஞ்சின் அறையில் சீஃபுக்குக் கீழே செகண்ட், தேர்ட், ஃபோர்த் என்று வரிசை.) பேச்சு குறைவு. ஒருநாள் கடல்நீர் பம்ப் ஒன்றின் முன் என்னை நிறுத்தி, நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கையில் கொடுத்தார். முனையை பேரிங் கூட்டின் மேல் வைக்கச் சொன்னார், கைப்பிடியைக் காதோரம். "என்ன கேட்குது?" என்றார். சத்தம் கேட்கிறது என்றேன். "பக்கத்து பம்ப்பையும் கேள்." கேட்டேன். அதுவும் சத்தம்தான். பத்து நாள் தினமும் காலை ரவுண்டில் இதே கூத்து. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, முதல் பம்ப்பில் மட்டும் மாவில் மணல் கலந்தது போல ஒரு நறநறப்பு இருப்பது திடீரென்று பிடிபட்டது. அவரிடம் சொன்னேன். "சரி, பிரி" என்றார். பேரிங் பாதையில் குழி விழுந்திருந்தது. அவருக்கு அது முதல் நாளே தெரியும். எனக்குத் தெரிய வேண்டும் என்று பன்னிரண்டு நாள் காத்திருக்கிறார், நடுவே அந்த பம்ப் போய்விடாதபடி ஒரு கண் வைத்துக்கொண்டு.

அந்தப் பன்னிரண்டு நாளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? வரி என்னவோ ஒன்றுதான்: 'பம்ப் பேரிங் மாற்றினார்.'

இப்போது அதிர்வை அளக்கக் கருவி இருக்கிறது, வரைபடம் போட்டுக் காட்டும் என்பீர்கள். நானும் வைத்திருக்கிறேன், நல்ல கருவிதான். ஆனால் எந்த இடத்தில் கருவியை வைக்க வேண்டும் என்று கருவி சொல்லாது. ரவுண்டு போகும்போது ஒரு மோட்டாரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, 'நேற்றைவிடச் சூடு' என்று நினைக்கிறவன்தான் போய்க் கருவியை எடுத்து வருவான். (ஏன் புறங்கை என்று புதியவர்கள் கேட்பார்கள். மின்கசிவு இருந்தால் உள்ளங்கை விரல்கள் மடங்கி அதையே இறுகப் பிடித்துக்கொள்ளும். புறங்கை விலகி வந்துவிடும். இதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஓர் ஆள்தான், புத்தகம் இல்லை.)

தொடாமல் இருப்பதும் இதே திறமையில் சேர்த்தி. மெயின் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் எங்கோ ஒரு பேரிங் சூடேறினால், அதில் படும் எண்ணெய் ஆவியாகி, மறுபடி குளிர்ந்து வெள்ளைப் புகைமூட்டமாக நிற்கும். அந்த மூட்டத்தை உணரும் ஆயில் மிஸ்ட் டிடெக்டர் அலறும். அந்த நேரத்தில் கை தானாகக் கிராங்க்கேஸ் கதவுப் பூட்டை நோக்கிப் போகும். எஞ்சினியரின் பிறவிக் குணம் அது: கோளாறு என்றால் திறந்து பார்ப்பது. திறந்தால் காற்று உள்ளே போகும், அந்த மூட்டத்துக்கு வெடிக்க அது போதும். வேகத்தைக் குறை, மேலே கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜுக்குச் சொல், நிறுத்து, எண்ணெய் பம்ப் ஓடட்டும், ஆட்களை வெடிப்புத் தணிப்புக் கதவுகளின் பக்கமிருந்து விலக்கு, குறைந்தது அரை மணி காத்திரு. 1947-இல் ரெய்னா டெல் பசிஃபிகோ என்ற கப்பல், பழுதுபார்ப்பு முடிந்து சோதனை ஓட்டத்தில் இருந்தபோது கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள். இன்று எஞ்சின்களில் இருக்கும் தணிப்புக் கதவுகளுக்குப் பின்னால் அப்படிப்பட்ட சாவுகள் இருக்கின்றன. அந்த அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது, நின்று பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் இளையவனுக்குப் புரியும்.

சின்ன விஷயங்களுக்கு வருகிறேன். பெரிய விபத்துகளின் அடியில் கிடப்பவை அவைதான்.

2019 மார்ச் 23. நார்வேக் கரையோரம் ஹஸ்டட்விகா என்ற மோசமான கடற்பகுதி, புயல். வைக்கிங் ஸ்கை என்ற பயணிக் கப்பலில் 1,373 பேர். ஒன்றன்பின் ஒன்றாக ஜெனரேட்டர்கள் நின்றன, கப்பல் பாறைகளை நோக்கி நகர்ந்தது. 479 பேரை ஹெலிகாப்டரில் கயிறு கட்டித் தூக்கினார்கள். காரணம் என்ன? ஜெனரேட்டர் எஞ்சின்களின் அடித்தொட்டியில் மசகு எண்ணெயான லூப் ஆயிலின் மட்டம் குறைவு. கப்பல் ஆடிய ஆட்டத்தில் பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சியது. அழுத்தம் இறங்கியது, பாதுகாப்பு அமைப்பு எஞ்சினை நிறுத்தியது. அமைப்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

2024 மார்ச் 26. பால்டிமோர் துறைமுகத்திலிருந்து வெளியேறிய டாலி என்ற கன்டெய்னர் கப்பலில் மின்சாரம் போனது, வந்தது, மறுபடி போனது. கப்பல் பாலத்தூணில் மோதி, பாலத்தின் மேல் சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். அமெரிக்க விசாரணை வாரியம் தேடிப் பிடித்தது ஒரு வயரை. அதன் நுனியில் மாட்டியிருந்த பெயர்ச்சுருள் இடித்துக்கொண்டு நின்றதால், வயர் முனை இணைப்புக்குள் முழுதாகப் போகவே இல்லை. பார்வைக்குச் சொருகியிருப்பது போலத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான வயர்கள் உள்ள ஒரு கப்பலில் அதைச் செய்ய எத்தனை நாள் வேண்டும், யாருக்கு அந்த நாள் இருக்கிறது?

கப்பலில் மின்சாரம் மொத்தமாகப் போகும் பிளாக் அவுட் என்றால் என்ன என்பதையும் சொல்கிறேன். உங்களில் சிலர் அதை அலாரச் சத்தமாகக் கற்பனை செய்திருக்கலாம். முதலில் வருவது அமைதி. எஞ்சின் அறையில் காதடைப்பான் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்தவனுக்கு அந்த அமைதி வயிற்றில்தான் முதலில் உறைக்கும். வென்டிலேஷன் ஃபேன்கள் சுழல் குறைந்து முனகி நிற்கும். பிறகு இருட்டு. கடலில் உயிர்ப் பாதுகாப்பு பற்றிய, உங்கள் சகோதர உடன்படிக்கையான சோலாஸ் சொல்கிறபடி 45 வினாடிக்குள் எமர்ஜென்சி ஜெனரேட்டர் வர வேண்டும். அதற்குள் தலையில் வரிசை ஓடும்: எந்த ஜெனரேட்டர் நின்றது, எதனால், அடுத்ததுக்கு எரிபொருள் போகிறதா, மின்சாரத்தை இணைக்கும் பிரேக்கர் மூடுகிறதா, லூப் ஆயில் பம்ப், கூலிங் பம்ப், ஸ்டீரிங், எஞ்சினைக் கிளப்பும் காற்றுப் புட்டிகளில் முப்பது பார் அழுத்தம் இருக்கிறதா, பிரிட்ஜிலிருந்து அடிக்கும் போனை யார் எடுப்பது. ஒருமுறை குறுகலான கால்வாயில் எனக்கு இது நடந்தது. நான்கு நிமிடத்தில் மெயின் எஞ்சின் ஓடியது. எங்களைக் காப்பாற்றியது என் மூளை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தக் கப்பலில் இரண்டாம் ஜெனரேட்டரின் பிரேக்கர் முதல் தடவையில் மூடாது, ஸ்பிரிங்கைக் கையால் ஏற்ற வேண்டும் என்பது ஃபிட்டருக்குத் தெரியும். அவர் சொல்லாமலே ஓடிப்போய் ஏற்றினார். அவர் அந்தக் கப்பலில் மூன்றாவது ஒப்பந்தம். நான் ஏறி ஒன்பது நாள்.

அந்த பிரேக்கர் விஷயம் எனக்கு ஏன் தெரியவில்லை? எனக்குப் பொறுப்பை ஒப்படைத்த சீஃபுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். நான் ஏணியில் ஏறும்போதே அவர் பெட்டிகள் டெக்கில் இருந்தன, படகுக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இருபது பக்கக் குறிப்பு ஒன்று கொடுத்தார், நல்ல குறிப்பு. தொட்டிகளில் எவ்வளவு எண்ணெய், எந்தச் சான்றிதழ் எப்போது முடிகிறது, எந்த உதிரிபாகம் வரவேண்டும், எல்லாம் இருந்தது. பிரேக்கர் இல்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை. தினமும் கூட இருந்து பழகிய குறை, குறையாகத் தோன்றாமல் போய்விடும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்த துறைமுகம் வரை போயிருந்தால், நான் ஒரு தடவை அந்த ஜெனரேட்டரை மாற்றும்போது அவர் "ஆ, அது அப்படித்தான்" என்று சொல்லியிருப்பார். ஒரே பட்டறையில் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு கப்பலிலும் வால்வு கூட ஒரே மாதிரி இருக்காது. சீஃபும் செகண்டும் மாறும்போது இத்தனை நாள் சேர்ந்து ஓட வேண்டும் என்று ஒரு கணக்கை விதியிலேயே எழுதுங்கள். 'கப்பலைப் பழக்கப்படுத்த வேண்டும்' என்ற பொதுவான வாசகம் இப்போதும் இருக்கிறது. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. படிவத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஓய்வு நேரப் பதிவேட்டிலும் அதே கையெழுத்துதான். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி. ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒரு துண்டாவது 6 மணி. விதியில் குறையே இல்லை. இனி துறைமுகத்தில் ஒருநாளைப் பாருங்கள். அதிகாலை மூன்று மணிக்குத் துறைமுகம் நுழைய ஸ்டாண்ட்பை, ஆறு மணிக்குக் கப்பலைக் கட்டி முடித்தோம். எட்டு மணிக்கு எண்ணெய்ப் படகு வந்து ஒட்டுகிறது. படகின் தொட்டிகளை நாங்களே சவுண்டிங் டேப் இறக்கி அளக்க வேண்டும். டேப்பில் நுரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், காற்றைக் கலந்து ஊதிப் பெருக்கி விற்பவர்கள் உண்டு. வெப்பநிலை எடுத்துக் கணக்கைத் திருத்த வேண்டும், சொட்டுச் சொட்டாக மாதிரி எடுத்து முத்திரை வைக்க வேண்டும். ஒரு வால்வு தப்பாகத் திறந்தால் எண்ணெய் கடலில், சீஃப் சிறையில். பத்து மணிக்குத் துறைமுக நாட்டின் சார்பில் சோதிக்கும் போர்ட் ஸ்டேட் இன்ஸ்பெக்டர், கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பில்ஜ் செப்பரேட்டர் 15 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 15 பங்கு எண்ணெய்) நிற்கிறதா காட்டு என்கிறார். எஞ்சின் நிற்கிறதே என்று செகண்ட் ஒரு பிஸ்டனைத் தூக்கத் திட்டம் போட்டிருக்கிறார். கடலில் அதைச் செய்ய முடியாது. மாலை ஏழு மணிக்குப் புறப்பாடு. இதில் யாருக்கு எப்போது ஆறு மணி நேரத் தூக்கம்? ஆனால் மாதக் கடைசியில் கணினி நிரலில் கட்டங்களை நிரப்பும்போது, சிவப்பாக வந்தால் கரையிலிருந்து கேள்வி வரும். பச்சையாக வரும்வரை திருத்துகிறோம். அந்த நிரலைச் செய்தவர், பாவம், அது எதற்குப் பயன்படும் என்று நினைத்தாரோ.

தூங்காதவன் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டான். "தள்ளு, நானே செய்யறேன்" என்பான். எஞ்சின் அறையில் கைத்தொழில் அறுந்துபோவது இந்த ஒரு வாக்கியத்தில்தான். நானும் அதை எண்ணிக்கையில்லாமல் சொல்லியிருக்கிறேன்.

இப்போதைய விதிப்படி, அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தின் வழியே வருபவருக்குப் பட்டறைப் பயிற்சியும் கடற்பணியும் சேர்த்து 12 மாதம், அதில் 6 மாதமாவது எஞ்சின் அறை வாட்ச், அதாவது முறைக்காவல் பணி. மாதங்களை எண்ணிவிட்டீர்கள். அந்த மாதங்களுக்குள் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியவரின் மணி நேரத்தை யாரும் எண்ணவில்லை. அது யாருடைய வேலைநேரத்திலும் இல்லை, ஆள்கணக்கிலும் இல்லை. பயிற்சியாளன் ஒருவன் ஏறினால் கப்பலுக்குக் கூடுதல் கை கிடைத்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் ஆரம்பத்தில் ஒரு கை குறையும். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் செகண்டோ தேர்டோ பயிற்சியாளனோடு செலவிடுவது அவர்களுடைய வேலை, அது வேலைநேரக் கணக்கில் வரும், அதற்கேற்ப ஆள் வேண்டும் என்று எழுதினால், கப்பலில் எத்தனை பேர் என்ற பேச்சும் கூடவே வரும். வரட்டும்.

லேத்தையும் வெல்டிங்கையும் விட்டுவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிமுலேட்டரில் பிளாக் அவுட் பயிற்சி அருமையாகச் செய்யலாம். கப்பலில் அதை விரும்பி வரவழைக்க முடியாது. ஆனால் துருப்பிடித்த போல்ட் எந்தக் கட்டத்தில் திரும்பும், எந்தக் கட்டத்தில் முறியும் என்று சிமுலேட்டரின் திரை சொல்லாது. முறிவதற்குச் சற்று முன் ஸ்பேனரில் ஓர் இளக்கம் வரும். திரும்பிவிட்டது என்று சந்தோஷப்படுவோம்.

புது எரிபொருள்களைப் பற்றி உங்களிடமே நிறையப் பேசியிருப்பார்கள். எனக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. எங்கள் மூக்கும் கண்ணும் கையும் கனஎண்ணெய்க்குப் பழகியவை. அதை 98 டிகிரியில் பியூரிஃபையருக்கு அனுப்பி, எஞ்சினுக்குள் போகும்போது 130, 140 டிகிரிக்குச் சூடேற்றுகிறோம். கந்தகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையுமுன் கந்தகம் குறைந்த கேஸ் ஆயிலுக்கு மாறும்போது, நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்க்கிறோம்; அவசரப்பட்டால் எரிபொருள் பம்ப்பின் பிளஞ்சர் தண்டு இறுகிவிடும். இதெல்லாம் கை பழகிய விஷயம். கசிவு என்றால் மணம் வரும், தீ என்றால் கரும்புகை வரும். மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரிவதே அரிது. அமோனியா கொஞ்சம் கசிந்தாலே மூக்குக்குத் தெரியும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போகும் எங்கள் பழக்கமே எங்களைக் கொன்றுவிடும். எல்என்ஜி என்ற திரவ இயற்கை வாயு மைனஸ் 162 டிகிரி. அங்கே புறங்கைக்கு வேலை இல்லை. அதாவது, இந்த முறை சீஃபுக்கும் தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டியவனே புதிதாகக் கற்க வேண்டும். பழைய ஆட்களுக்கு ஐந்து நாள் வகுப்பு போதும் என்று தீர்மானிக்குமுன், அப்படி ஒரு எஞ்சின் ஓடும் இடத்தில் அவர்களைச் சில வாரம் நிற்க வையுங்கள்.

பதிவேட்டோடு வந்த அந்தப் பையன் இப்போது வேறொரு கப்பலில் ஃபோர்த் எஞ்சினியர். போன மாதம் எனக்குச் செய்தி அனுப்பினான். நடுக்கடல். பியூரிஃபையரில் எண்ணெய் வெளியே போகாமல் தடுக்கும் வாட்டர் சீல் நிற்கவில்லை, எண்ணெய் கசடு சேரும் ஸ்லட்ஜ் தொட்டிக்குப் போகிறது, செகண்ட் கோபத்தில் இருக்கிறார், அவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று. பதில் எழுதினேன். எண்ணெயின் வெப்பநிலையைப் பார், ஓட்டத்தைக் குறை. சுழலும் பௌல் முழு வேகத்துக்கு வருகிறதா, அதை மூடிவைக்கும் ஆபரேட்டிங் வாட்டர் போதுமா என்று பார். நீருக்கும் எண்ணெய்க்கும் எல்லை வைக்கும் கிராவிட்டி டிஸ்க்கை யாராவது மாற்றினார்களா என்று கேள். ஒன்றும் இல்லையென்றால் பௌலைத் திற, மூடியில் இருக்கும் சீல் வளையத்தைக் கழற்றிப் பார்.

இருபது நிமிடம் கழித்து வளையத்தைப் படம் எடுத்து அனுப்பினான். படத்தில் நன்றாகத்தான் இருந்தது. "சார், இது நல்லதா கெட்டதா, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கீழே எழுதியிருந்தான்.

'கையில் தெரியும்' என்று தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டு, நகத்தால் விளிம்பைச் சுற்றி மெதுவாக ஒரு முறை ஓட்டிப் பார், எங்காவது தடுக்கினால் மாற்றிவிடு என்று எழுதி அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஒரு சீஃப் எஞ்சினியர்